ஃபைலோடு வந்த மாப்பிள்ளை

என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணி என்றால் நம்மவர்களுக்கு ஐந்து மணி. ஊரை விட்டு ஓடி வந்தாலும் அந்தக் கணக்கை யாரும் விட்டுவிட்டு வரவில்லை. ஆகவே மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டின் முன்னறையில் கதிரை மேல் ஏறி நின்று, புதுத் திரைச்சீலைக் கம்பிக்காக நான் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வீட்டுச் சட்டையோடு குசினியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். தங்கை அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துவாயோடு மாடிக்கு ஏறினாள்.

"இஞ்சை பாருங்கோ, எதிர்ப்பக்க பஸ் தரிப்பிலை ரெண்டு பேர் கனநேரமா நிக்கினம். மூண்டு பஸ் போட்டுது, ஏறேல்லை" என்றாள் மனைவி.

எட்டிப் பார்த்தேன். தூறலில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இருவரும் ஒரே மாதிரியான நீல மழைச் சட்டை போட்டிருந்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் நம் வீட்டைப் பார்ப்பதுமாக நின்றார். வானொலியில் மூன்று மணிச் செய்தி தொடங்கியது. அழைப்பு மணி அடித்தது.

இதுதான் ஜேர்மனி மாப்பிள்ளை. கூட வந்தவர் அவருடைய அக்கா. வெம்பிளியில் ஓர் உறவினர் வீட்டில் இறங்கி, அங்கிருந்து இரண்டு ரயில் மாறி, இருபது நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்து, அந்த இருபது நிமிடத்தையும் மழையில் நின்று கழித்திருக்கிறார்கள்.

"ஏன் வெளியிலை நிண்டனீங்கள்? வந்திருக்கலாமே" என்றேன்.

"நேரம் ஆகேல்லை அண்ணை" என்றார் அவர்.

சொல்லிவிட்டு, கொண்டுவந்த பூங்கொத்தைச் சுற்றியிருந்த தாளை வாசலிலேயே பிரித்துக் கசக்கித் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தாளோடு பூக் கொடுப்பது அங்கே மரியாதையில்லையாம். அடுத்ததாக அக்காக்காரி தோற்பையைத் திறந்து இரண்டு சோடி செருப்பு எடுத்தார். பெண் பார்க்க வரும் வீட்டுக்குத் தட்டத்தில் பழம் கொண்டுவருவார்கள், இனிப்புக் கொண்டுவருவார்கள். வீட்டுக்குள் போட்டு நடக்கச் செருப்பைச் சுமந்து வந்த சனத்தை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணாந்து என் கையிலிருந்த மெஷினைப் பார்த்தார் மாப்பிள்ளை.

"ஞாயிற்றுக்கிழமை இஞ்சை துளை போட விடுவினமோ? பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குச் சொல்லமாட்டினமோ?"

எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது.

என் கோபத்துக்கு ஒரு பழைய காரணமும் இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, லண்டனுக்கு வந்து சேரும் முன்னர் நானும் ஐந்து மாதம் ஜேர்மனியில் ஒரு சிறிய ஊரில், அகதிகள் விடுதியில் கிடந்தவன். ஒரு காலை, பதிவு அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிறேன். தெருவில் ஓர் ஈ காக்கை இல்லை. நடந்து கடப்பவர்களுக்கான விளக்கில் சிவப்பு மனிதன் எரிகிறான். நான் கடந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கிழவி குடையை ஓங்கிக்கொண்டு கத்தினாள். அவள் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். சுற்றிப் பார்த்தேன். ஒரு பிள்ளையையும் காணவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவனிடம், இல்லாத பிள்ளைக்கு முன்மாதிரியாக இருக்கச் சொல்கிறாள். அன்று நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்து, பழையபடி இந்தக் கரைக்கு வந்து, பச்சை வந்த பிறகு மறுபடி கடந்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. லண்டனுக்கு வந்து சேர்ந்ததும் நான் ஆசை தீரச் செய்த முதல் காரியம் சிவப்பில் தெருவைக் கடந்ததுதான்.

அந்த நாட்டின் பைத்தியங்களைச் சொல்லி நான் எத்தனையோ மேசைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அழுக்குப் போத்தலைக் கழுவி, நிறம் பார்த்துப் பிரித்து, வெள்ளைக்கு ஒரு தொட்டி, பச்சைக்கு ஒரு தொட்டி என்று போடுவார்கள். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, கண்ணாடி உடையும் சத்தம் ஊருக்கு ஆகாது. மார்கழிக் குளிரில் யன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு, வீட்டுக்குக் காற்று வேண்டும் என்பார்கள். பகல் முழுதும் உழைத்தவனுக்கு இரவில் குளிர்ந்த பாணும் வெண்ணெய்க்கட்டியும். அதைச் சாப்பாடு என்று சொல்ல அவர்களுக்கு வாய் கூசுவதில்லை. நம்மவர்கள் அங்கே போய் நாலு காசு கண்டதில் எனக்கு வருத்தமில்லை. இந்தக் கூத்தையெல்லாம் சீதனம்போல வாங்கிக்கொண்டு வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆனால் அன்று நான் சிரித்துவிட்டுப் போகக்கூடிய நிலையில் இல்லை. தங்கைக்கு முப்பத்திரண்டு வயது முடியப்போகிறது. அப்பா இல்லை, அம்மா ஊரில். பொறுப்பு என் தலையில். அதுவரை இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலாமவர் கணக்காளர் என்றார்கள். விசாரித்தால் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. இரண்டாமவர் லண்டன் செவன் கிங்ஸ் பகுதிக்காரர், நல்ல மனிதர், நிச்சயம் செய்யும் வரைக்கும் போய்விட்டோம். கனடாவில் அவருக்கு ஒரு மனைவியும் குழந்தையும் இருப்பது மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு தங்கை என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னாள்.

"அண்ணை, இன்னும் ஒருத்தருக்கு முன்னாலை தேத்தண்ணித் தட்டோடை வருவன். அதோடை சரி. பிறகு என்னைக் கேக்கக் கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனவே இந்த ஜேர்மனிக்காரருக்காக நான் கொஞ்சம் கூடுதலாகவே முயற்சி எடுத்திருந்தேன். சாதகக் குறிப்பைப் புதிதாக எழுதுவித்து மூன்று வயதைக் குறைத்தேன். அதில் எனக்கு ஒரு குற்ற உணர்வும் இருக்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நானே வங்கியில் வேலை என்று எழுதித்தான் பெண் எடுத்தேன்.

இனி அந்த மூன்று மணிக்கு வருவோம். அவசர அவசரமாகச் சேலை மாற்றிக்கொண்டு தங்கை தட்டோடு வந்தாள். தலைமயிரில் இன்னும் ஈரம். வடை வேகவில்லை. நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குச் சோறும் ஐந்து கறியும் நினைத்திருக்க, அவர்கள் மூன்று மணிக்குக் கோப்பியும் கேக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். கேக்கையும் அவர்களே சுமந்து வந்திருந்தார்கள். "பின்னேரம் நாங்கள் பாண்தான் அக்கா, சமைச்சது சாப்பிடுறேல்லை" என்று மாப்பிள்ளையின் தமக்கை சொன்னபோது, குசினியில் இறால் கறியை இறக்கிக்கொண்டிருந்த என் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பேச்சை மாற்ற மனைவி, "வாற ஞாயிறு இவவுக்குப் பிறந்தநாள்" என்றாள்.

"முப்பது" என்று நான் முந்திக்கொண்டேன்.

எந்த மனிதனும் இந்த இடத்தில் ஒரு வாழ்த்துச் சொல்லுவான். மாப்பிள்ளை வாயைத் திறந்தார், தங்கையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். தமக்கை பதறிப்போய் விளக்கினார். "முன்னுக்கே வாழ்த்தக் கூடாது. அங்கை அது கூடாத சகுனம். நாள் வந்தாப் பிறகுதான்." பல்லி சொன்னால் பயணத்தை நிறுத்துகிற, பூனை குறுக்கே போனால் திரும்பிவந்து தண்ணீர் குடிக்கிற எங்களுக்கே இது அதிகமாகப்பட்டது. தங்கை மட்டும் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை நான் கவனித்தேன், கவனித்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எழும்பும்போது மாப்பிள்ளையின் முழங்கை பட்டுப் பூச்சாடி ஒன்று விழுந்து உடைந்தது. சந்தையில் வாங்கிய மலிவான சாடி. "பறவாயில்லை" என்று நாங்கள் சொல்லி முடிக்கவில்லை, "எனக்கு இதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு அண்ணை, உடைஞ்சது எண்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தந்தால் காணும்" என்றார். மற்றவர் வீட்டுச் சாமானை உடைத்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து, வருடா வருடம் காப்புறுதி கட்டுகிற பிறவிகள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு அவர் பையிலிருந்து ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார்.

முதுகு நாலு விரல் அகலம், உள்ளே இரும்பு வளையம். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் அலுமாரி நிறைய இப்படி ஃபைல்கள் நிற்கும், எனக்குத் தெரியும். கையில் அகப்படும் எந்தத் தாளுக்கும் இரண்டு துளை போட்டு உள்ளே மாட்டாவிட்டால் அவர்களுக்கு நித்திரை வராது. ஆனால் பெண் பார்க்க வருகிறவன் கொண்டுவருவான் என்று யார் நினைத்தது? நிறத் தாள்களால் பகுதி பகுதியாகப் பிரித்திருந்தது. வேலைக் கடிதம் ஒரு பகுதி. வீட்டு ஒப்பந்தம் ஒரு பகுதி. சுகம் ஒரு பகுதி, அதற்குள் பல் வைத்தியரிடம் வருடந்தோறும் போனதற்கு முத்திரை குத்திய ஒரு சின்னப் புத்தகம். சாதகத்தையும் விடவில்லை. அதற்கும் இரண்டு துளை. ஒரு துளை சரியாகச் சனி இருந்த வீட்டில் விழுந்திருந்தது.

"சனியனைத் துளைச்சே எடுத்துப்போட்டியள் தம்பி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"கடைசிப் பகுதியையும் பாருங்கோ அண்ணை. அதைப் பாக்காமல் நீங்கள் ஓம் எண்டு சொல்லக் கூடாது."

சிவப்புத் தாளுக்குப் பின்னால் ஜேர்மன் மொழியில் இரண்டு பக்கம், நீதிமன்ற முத்திரையோடு. விவாகரத்துத் தீர்ப்பு.

"விசாவுக்காக ஒரு ஜேர்மன் பிள்ளையைக் கலியாணம் கட்டினனான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியவர் பாதியில் தங்கையின் பக்கம் திரும்பிவிட்டார். "மூண்டு வருஷம் ஒரு வீட்டிலை இருந்தம். முதல் ஆறு மாசமும் விசாவுக்குத்தான். பிறகும் விசாவுக்கு மட்டும்தான் எண்டு சொன்னால் அது பொய். ஒத்துவரேல்லை, பிரிஞ்சிட்டம். பிள்ளையள் இல்லை."

தமக்கை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒளிக்கத் தெரியாதவனை நம்மூரில் நேர்மையானவன் என்று சொல்லுவதில்லை, விசரன் என்றுதான் சொல்லுவார்கள். இவ்வளவையும் மூடி வைத்திருந்தால் அன்றே நான் நாள் பார்த்திருப்பேன்.

நான் எழுந்தேன். "சரி தம்பி. யோசிச்சுச் சொல்லுறம்" என்றேன்.

இதற்கு இல்லை என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி மனிதரை நோகடிக்காமல் இருக்க நாங்கள் கண்டுபிடித்த வார்த்தை இது. கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

அவர்களைப் புகையிரத நிலையத்தில் விட நானும் நடந்தேன். பெரிய தெருவில் ஞாயிற்றுக்கிழமை மாலை, கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு வாகனம் இல்லை. சிவப்பு மனிதன். நான் கடந்து அடுத்த கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், அக்காவும் தம்பியும் நீலச் சட்டையோடு அந்தக் கரையிலேயே நிற்கிறார்கள். வெறும் தெருவுக்கு மரியாதை செய்துகொண்டு. குடையை ஓங்கிய அந்தக் கிழவி வந்து பக்கத்தில் நின்றால்கூட எனக்கு ஆச்சரியமாக இருந்திராது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அந்தக் கரையிலிருந்து அவர் கேட்டார். "எப்ப சொல்லுவியள் அண்ணை?"

"வாற ஞாயிறு!" என்று கத்தினேன்.

"எத்தினை மணிக்கு?"

என்ன கேள்வி இது? "நாலு மணிக்கு!" என்றேன், வாயில் வந்ததை.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நாட்குறிப்பை எடுத்து எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். "லண்டன் நேரமோ, எங்கடை நேரமோ?"

பச்சை வந்தது. அவர்கள் கடந்தார்கள்.

அந்தக் கிழமை முழுவதும் நான் வேலையிடத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். துளை விழுந்த சாதகம், செருப்புப் பை, பூச்சாடி இன்சூரன்ஸ். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் எனக்குத்தான் சபை. விவாகரத்தையும் சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். வீட்டில்தான் யாரும் சிரிக்கவில்லை. ஃபைலை அவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். இது உங்களுக்கான பிரதி, மூலம் என்னிடம் இருக்கிறது என்றாராம். தங்கை நூல் நிலையத்திலிருந்து ஜேர்மன் அகராதி ஒன்றை எடுத்து வந்து, மேசையில் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை காலை வீடு விறைக்கிறதே என்று எழுந்து வந்தால், முன்னறை யன்னல் இரண்டும் அகலத் திறந்து கிடக்கின்றன. அவள் கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறாள்.

"உனக்கென்ன பைத்தியமோ?" என்றேன்.

"அஞ்சு நிமிஷம்தான் அண்ணை. பிறகு பூட்டுறன்."

அன்று மாலை நான் சாடையாக ஆரம்பித்தேன். ஒரு வெள்ளைக்காரியோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்தினவன், நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்றேன். மனைவி பாத்திரம் கழுவியபடியே, திரும்பாமல் சொன்னாள்.

"அந்த ஆள் தன்ரை குறையைத் தானே கொண்டுவந்து மேசையிலை வைச்சவர். உங்கடை ஃபைல் எங்கையப்பா?"

நான் வங்கியில் வேலை செய்தது உண்மைதான். மாலை ஆறு மணிக்கு மேல், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, வாளியோடும் துடைப்பத்தோடும். லண்டனுக்கு வந்து இறங்கிய இரண்டாம் மாதம் அவள் அதைக் கண்டுபிடித்தாள். அன்று முழுநாளும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள், அதன் பிறகு ஒரு நாளும் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசாததால் மறந்துவிட்டாள் என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு வந்தது. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் உத்தரவு போட்டேன். "ஃபோன் அடிச்சால் ஒருத்தரும் எடுக்காதேங்கோ. எடுக்காட்டில் விளங்கிக்கொள்ளுவினம்."

"அவருக்கு விளங்காது" என்றாள் மனைவி. "அதோடை, இண்டைக்கு என்ன நாள் எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தங்கையின் பிறந்தநாளன்று, அவளுடைய கடைசி மாப்பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல நான் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறேன். காலையிலிருந்து அவளை நான் வாழ்த்தவும் இல்லை. அவள் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃபைல்.

"அண்ணை, நாலு மணி எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்" என்றாள்.

மணி அடித்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவள் எடுத்தாள்.

"ஓம், நான்தான்." கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல மாறியது. "நன்றி" என்றாள். வாழ்த்தைத்தான் முதலில் சொல்லியிருக்கிறார். ஒரு கிழமை வாய்க்குள் அடக்கி வைத்திருந்து, நாள் வந்த பிறகு. அன்று அவளுக்கு வாழ்த்துச் சொன்ன ஆண் அவர் ஒருவர்தான்.

"அண்ணை பக்கத்திலைதான் நிக்கிறார். ஆனால் மறுமொழியை நான் சொல்லுறன். எனக்குச் சம்மதம்." மடியிலிருந்த ஃபைலைத் திறந்தாள். "ஆனால் அதுக்கு முதல் நானும் ஒண்டு சொல்லவேணும். பிறகு நீங்கள் யோசியுங்கோ. இண்டைக்கு எனக்கு முப்பது இல்லை, முப்பத்திமூண்டு. குறிப்பிலை மூண்டு வயது குறைச்சுக் கிடக்கு. அண்ணை குறைச்சவர். எனக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தேத்தண்ணி கொண்டுவந்தனான்."

போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். மறுமுனையில் அவர் ஏதோ சொன்னார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பறவாயில்லையாம். ஆனால் சரியான வயதை எழுதி ஒரு கடிதம் அனுப்பட்டாம். ஃபைலிலை வைக்கவேணுமாம்."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தாளும் பேனாவும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். "நீங்கள்தானே குறைச்சனீங்கள். நீங்களே எழுதுங்கோ."

எழுதினேன். என் தங்கைக்கு வயது முப்பத்துமூன்று என்றும், குறிப்பில் இருப்பது நான் சொல்லி எழுதுவித்த பொய் என்றும். இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

அடுத்த வருடம் முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனோம். செருப்புக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், கொண்டுபோனேன். பத்து நிமிடம் முன்னதாகப் போய்விட்டதால் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்தாள். இரவு பாண்தான். இந்தச் சனத்தை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. அலுமாரியில் அந்த ஃபைல் நின்றது. திறந்து பார்த்தேன். பழைய சிவப்புத் தாளுக்குப் பக்கத்தில் என் கடிதம் இருந்தது, இரண்டு துளையோடு. என் வாழ்நாளில் நான் எழுதிய உண்மையான கடிதம் அது ஒன்றுதான்.